மாப்பிள்ளை வீட்டுப் பொன்

பொறுங்கோ, பொறுங்கோ வாமதேவண்ணை, பையிலை கை வைக்காதேங்கோ. திறந்து காட்டத்தான் கொண்டந்தனான், ஆனால் இப்ப வேண்டாம். முதல் ஆளைச் சொல்லுறன், பேந்து சாமானைப் பாருங்கோ. ஆளைத் தெரியாமல் சாமானைப் பாத்தியளெண்டால் உங்கடை நகைக்கடைப் புத்தியிலை டக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போடுவியள். அந்தச் சொல்லைக் கேக்க எனக்கு இன்னும் தெம்பில்லை. தேத்தண்ணி சொன்னியளெல்லோ, வரட்டும். எனக்குச் சீனி ரெண்டு கரண்டி. மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

விரலோ? அது ஒண்டுமில்லை, கொஞ்சம் வீங்கியிருக்கு. அதுக்கும் வாறன்.

ஓம், ஞாயிற்றுக்கிழமைதான் பொன்னுருக்கு, மாத்தமில்லை. எபினேயிலை மாப்பிள்ளைப் பெடியன்ரை அப்பார்ட்மோன் வீட்டுக்கு நீங்கள் உங்கடை அடுப்பு, குறடு, ஊதுகுழல் எல்லாத்தோடையும் வாறியள், ஐயர் சொன்ன நேரத்துக்குத் தாலிக்குப் பொன்னை உருக்கிறியள், நாங்கள் எல்லாரும் சுத்தவர நிண்டு பாக்கிறம். அதிலை ஒரு பிசகும் இல்லை. பிசகு இந்தப் பைக்குள்ளை கிடக்கு.

பெடியன் வெள்ளைக்காரன் எண்டது உங்களுக்குத் தெரியும். பாரிசிலை இந்த லாச்சப்பல் கடைத்தெரு முழுக்கத் தெரியும், எங்களுக்குத் தெரிய முதலே தெரியும். என்ரை மனுசி தில்லைநாயகி இஞ்சை கறிவேப்பிலை வாங்க வந்தவ. ஆரோ ஒரு பெண்டு வழிமறிச்சுக் கேட்டிருக்கு, மருமகனுக்கு உறைப்புச் சாப்பிடப் பழக்கியாச்சோ எண்டு. ஆர் மருமகன்? என்ன உறைப்பு? மனுசி கறிவேப்பிலையை அந்த இடத்திலையே போட்டிட்டு அடுத்த றெயில் கோச்சியிலை கூசேன்விலுக்கு, வீட்டை வந்து என்னைப் பிடிச்சுது. நான் எயார்போட் வேலையாலை அப்பதான் வந்து சப்பாத்தைக் கழட்டுறன். ஒரு சப்பாத்தோடை நிண்டு கேட்டனான் அந்தச் செய்தியை.

பேர் கிரிகோரி. டே லைன் கோச்சி ஓட்டுறவன், நாங்கள் ஏறி இறங்கிற அதே லைன்தான். கூசேன்விலோடை நிக்கிற கோச்சி ஒண்டிலை எங்கடை பிள்ளை சாம்பவி குடையை விட்டிட்டு இறங்கினவளாம். இவன் இறங்கி மேடை முழுக்க ஓடிவந்து குடுத்தவனாம். குடை வீட்டுக்கு வந்திட்டுது அண்ணை, பிள்ளை போயிட்டுது.

கத்தினன்தான். கத்தாமல்? ஒரே பிள்ளை. நான் கத்தி முடியுமட்டும் பாத்திருந்திட்டுச் சாம்பவி சொல்லுறாள், அப்பா, நீங்கள் வேண்டாமெண்டால் நான் கட்டமாட்டன். ஆனால் ஏன் வேண்டாமெண்டு ஒரு காரணம் சொல்லவேணும், வெள்ளைக்காரன் எண்டது காரணமில்லை. பாதி தமிழிலை, பாதி பிரெஞ்சிலை சொல்லுறாள். தாயிலை பாதி, என்னிலை பாதி எண்டு பிடிவாதத்தை ரெண்டு பக்கத்தாலையும் எடுத்திருக்கிறாள். சரி எண்டன். எங்கடை முறைப்படி விசாரிப்பன், குடும்பத்திலை ஒரு மறு, ஒரு குறை கண்டனெண்டால் இல்லையெண்டு சொல்லுவன், நீ மூச்சு விடப்படாது. ஓம் எண்டாள். கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினாள். அண்டைக்கு எனக்கு நல்ல நித்திரை. மறு இல்லாத குடும்பம் உலகத்திலை எங்கை கிடக்கு?

அதுதானே, எப்பிடி விசாரிக்கிறது? ஊரிலையெண்டால் சந்திக்கடையிலை ஒரு சோடா குடிக்க நாலு தலைமுறையும் வெளியிலை வந்திடும். ஆர் ஆரோடை ஓடினது, ஆர் ஆற்றை வேலியைத் தள்ளிப் போட்டது, எல்லாம் ஓசியிலை. இஞ்சை ஆரைக் கேக்கிறது? பெடியனே சொன்னான், வீட்டை வாங்கோ, அப்பாவையும் மாமியையும் கேளுங்கோ எண்டு. களவெடுக்கிறவனே கதவைத் திறந்து விட்ட மாதிரி.

தகப்பன் ரேமண்ட். தாய் செத்துக் கன வருசம். தகப்பன்ரை தமக்கை ஆன்-சோஃபி எண்டொரு அம்மா, தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்தவ, அவதான் பெடியனை வளத்தது. ரெண்டு பேரும் பிக்கார்திப் பக்கம் ஒரு கிராமத்திலை இருக்கினம். நானும் மனுசியும் பிள்ளையும் போய் இறங்கினம், பயித்தம் பணியாரம் ஒரு பெட்டி, வாழைப்பழம் ஒரு சீப்பு. கோப்பி தந்தவை. நான் சுத்தி வளைக்கிற ஆளில்லை. கேள் பிள்ளை எண்டன், இவை என்ன ஆக்கள், பூர்வீகம் எவடம், பாட்டன் பூட்டன் என்ன செய்தவை? சாம்பவிக்கு முகம் கறுத்துப் போச்சு. அப்பா, உப்பிடியெல்லாம் இஞ்சை கேக்கிறேல்லை, வெக்கக்கேடு எண்டாள். கேளடி எண்டன்.

கேட்டாள். அண்ணை, நீங்கள் அந்த ஆன்-சோஃபி அம்மாவின்ரை முகத்தைப் பாத்திருக்கவேணும். கோப்பையை வைச்சிட்டு நெஞ்சிலை கை வைச்சா. இவ்வளவு காலமும் ஒருத்தரும் இதைக் கேக்கேல்லையாம். சொல்ல வெளிக்கிட்டால் சொந்தத் தம்பியே எழும்பிப் போயிடுவாராம், பெடியன் காதிலை வயரைக் கொழுவிக் கொண்டு இருப்பானாம். இப்ப வாசல்படி ஏறி வந்து ஒரு மனுசன் கேக்கிறான். எங்களுக்குக் கேக்கிற வியாதி, அவவுக்குச் சொல்லுற வியாதி. எழும்புங்கோ எண்டா, எங்களைச் சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

அங்கை கல்லறைக்கு மேலை சிலையாய்ப் படுத்திருக்கிறார் மனுசன். கல்லிலை. ரெண்டு கையும் கூப்பினபடி, காலடியிலை ஒரு நாய். அவர்தான் இவையின்ரை பூட்டனுக்குப் பூட்டனுக்குப் பூட்டன், எத்தினை பூட்டன் எண்டு நான் எண்ணுறதை விட்டிட்டன். பேர் கோத்தியே. பின்னாலை ஒரு வால் இருக்கு பேருக்கு, அதைச் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போம். ராசாவின்ரை செவாலியே. இப்ப கழுத்திலை கொழுவி விடுற பதக்கம் இல்லை அண்ணை, உண்மையான செவாலியே. இரும்புச் சட்டை போட்டுக் குதிரையிலை போய் வெட்டிக் கொத்திறது.

என்ரை மனுசி முதல் கேட்ட கேள்வி, மூக்கு ஏன் இல்லை எண்டு. மூக்கு உடைஞ்சு கிடக்கு. ராசாக்களைத் துரத்தின காலத்திலை சனம் வந்து உடைச்சதாம். மூக்கறுந்த குடும்பம் எண்டு மனுசி எனக்குக் காதுக்குள்ளை சொல்லுறா. நான் மனசுக்குள்ளை ஒண்டைக் குறிச்சுக் கொண்டன்.

பேந்து கதை தொடங்கினது. நான் ஒரு சந்தி விசாரணை மாதிரியே கேட்டன், அவ ஒண்டும் ஒளிக்கேல்லை. இவர் மூத்தவர் இல்லையாம். கோட்டையும் காணியும் தமையனுக்கு, இவருக்குக் கோவணம். ஏழு வயசிலை வேறை ஒரு பிரபு வீட்டிலை கொண்டுபோய் விட்டவையாம். அங்கை மேசையிலை சாப்பாடு எடுத்து வைக்கிறது, பெரியாக்களுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்திறது, எச்சில் கோப்பை எடுக்கிறது. வேலைக்காரப் பெடியனோ எண்டு கேட்டன். இல்லையாம், செவாலியே ஆகிறதுக்கு அதுதான் முதல் படியாம், எல்லாப் பிரபு வீட்டுப் பெடியளும் அப்பிடித்தானாம். நல்லாய்க் கிடக்கு! அப்ப நானும் முதல் படி ஏறினவன்தானே. இந்தப் பாரிசுக்கு வந்த உடனை இஞ்சை ஒரு றெஸ்ரோறண்டிலை எத்தினை மாசம் கோப்பை கழுவினன். என்ரை பேரும் கரிகாலன், ராசா பேர். ரெண்டாம் படி ஏற முதல் எயார்போட்டிலை பெட்டி தூக்கப் போயிட்டன், அவ்வளவுதான்.

சிரிக்கிறியள். அண்டைக்கு ரேமண்டும் சிரிச்சவர், சாம்பவி அதை மாத்திச் சொல்ல. நல்லாய்ச் சிரிப்பார் மனுசன். எனக்கு அதுவும் பிடிக்கேல்லை, நான் விசாரிக்க வந்தனான், பகிடி விட வரேல்லை.

பதினாலு வயசிலை குதிரைக்குப் பின்னாலை ஓட்டம், பேந்து ஒரு சண்டையிலை நல்லாய்ச் செய்தாராம். ராசா வாளாலை தோளிலை தட்டி நீ இனிச் செவாலியே எண்டாராம். எண்டிட்டு அவரின்ரை காலிலை ஒரு சோடி பொன் குதிமுள் பூட்டி விட்டவை. குதிமுள் தெரியுமே? குதிக்காலிலை கட்டுறது, குதிரையின்ரை விலாவிலை குத்தி ஓட்டுறதுக்கு. சும்மா ஆக்களுக்கு இரும்பு, செவாலியேக்குப் பொன். ஓம் அண்ணை, பொன். அதை நினைவிலை வைச்சுக் கொள்ளுங்கோ.

பேந்து கலியாணம். சீதனம் என்ன தெரியுமே? ரெண்டு கிராமம், ஒரு தண்ணி மில், ஒரு மீன் குளம். மனுசி காதைத் தீட்டிக் கொண்டு வந்து பக்கத்திலை இருந்திட்டா. மச்சான்காரன் கிராமத்தைக் குடுத்திட்டான், மில்லை எழுதிக் குடுக்கேல்லை. வழக்கு! இவர் தொடங்கின வழக்கு, இவரின்ரை பேரன் காலத்திலைதான் தீர்ப்பு வந்ததாம். தீர்ப்பு வரேக்கை மில் இடிஞ்சு போச்சாம். தில்லைநாயகி என்னைத் திரும்பிப் பாத்துச் சொல்லுறா, இஞ்சேருங்கோ, இவை எங்கடை ஆக்கள்தான்.

பாத்தியளே, கட்சி மாறுது. ஒரு மில்லோடை மனுசி கவிண்டிட்டுது. நான் விடேல்லை. அம்மா, ஆள் குடிக்கிறவரோ எண்டு கேட்டன். குடிக்கிறவராம், ஆர் அந்தக் காலத்திலை தண்ணி குடிச்சது எண்டு கேக்கிறா. ஆரையும் அடிச்சவரோ? அடிச்சவராம். ஆரை? சேர்ச்சுச் சுவாமியாரை! சுவாமியார் வளத்த பண்டி இவரின்ரை தோட்டத்துக்கை வந்து உழக்கினதாம், இவர் போய்ச் சுவாமியாரைப் பிடிச்சுச் சாத்தினாராம். நான் நிமிந்து இருந்தன். அப்பாடா, கிடைச்சுது. ஐயருக்கு அடிச்ச குடும்பம். இதை விட என்ன மறு வேணும்?

என்ரை கெட்ட காலம், கதை அங்கை முடியேல்லை. தண்டனையெண்டு பிஷப் சொல்ல, இந்த மனுசன் வெறும் உள்சட்டையோடை, வெறுங்காலோடை, ஆளுயர மெழுகுதிரியைத் தூக்கிக் கொண்டு சேர்ச்சை மூண்டு தரம் சுத்தி வந்து சுவாமியாரின்ரை காலிலை விழுந்தாராம். உறைபனிக் காலம். உடனை என்ரை மனுசி, அது நேத்திக்கடன்தானே, தீத்தாச்செல்லோ எண்டு சொல்லுது. நீங்கள் இஞ்சை விசாரிக்க வந்தனீங்களோ, விளக்கு வைக்க வந்தனீங்களோ எண்டு கேட்டன். பேசாமல் இருங்கோ, கதையைக் கேப்பம் எண்டா.

ஆ, தேத்தண்ணி. வையுங்கோ தம்பி. நன்றி.

எவடத்திலை விட்டனான்? ஓம், சண்டை. இங்கிலீசுக்காரன் வந்திட்டான். பெரிய அடிபாடு. ஓடலாம், ஓடினவையாம் கனபேர். இவர் ராசாவுக்குப் பக்கத்திலை நிண்டவர். ராசா பிடிபட்டார், இவரும் பிடிபட்டார். லண்டனுக்குக் கொண்டு போயிட்டாங்கள். ஆளைப் பிடிச்சு வைச்சுக் காசு கேக்கிறது, அது அப்ப சட்டப்படி நடந்ததாம். காசு வந்தால் விடுவம், வரேல்லையோ அங்கையே கிட. இவற்றை மனுசி என்ன செய்தா? தன்ரை நகை எல்லாத்தையும் கழட்டி வித்தா. காது, கழுத்து, கை, ஒண்டு மிச்சமில்லை. கிராமம் ரெண்டையும் ஈடு வைச்சா. மீன் குளத்தையும் குடுத்திட்டா. எல்லாம் போச்சு. இந்தக் குதிமுள்ளுச் சோடி மட்டும் விக்கேல்லை.

ஓம் அண்ணை, நீங்களும் அதைப் பிடிச்சிட்டியள். ஏன் விக்கேல்லை? ஆன்-சோஃபி சொன்னா, மானம் எண்டு. புருசன்ரை மானத்தை விக்க மனசு வரேல்லையாம். நானும் அண்டைக்கு அப்பிடித்தான் நினைச்சன்.

ஆள் திரும்பி வந்திட்டார். ராசா லண்டனிலையே செத்துப் போனார், பிணத்தைத்தான் கொண்டந்தவை. சென்தெனி பெரிய சேர்ச்சிலை அடக்கம் பண்ணுறதுக்கு இந்த ரோட்டாலைதான் கொண்டு போனவை. இதே ரோட்டாலை அண்ணை, உங்கடை கடை வாசலாலை! அப்ப லாச்சப்பல் ஒரு சின்னக் கிராமமாம். இவர் அந்தப் பெட்டிக்குப் பின்னாலை நடந்து போனவராம், குதிரை வேண்டாமெண்டு. நான் இண்டைக்குக் கோச்சியாலை இறங்கி நடந்து வரேக்கை அதைத்தான் யோசிச்சுக் கொண்டு வந்தனான். மரக்கறிக்கடை, போன்காட்டுக்கடை, உங்கடை கடை, எல்லாத்துக்கும் கீழை அந்த மனுசன்ரை சுவடு கிடக்கு. ஊர் பறிபோய், கடன்பட்டுக் கடலைத் தாண்டி வந்து, இந்த ரோட்டாலை தலையைக் குனிஞ்சு கொண்டு நடந்தவன். நாங்கள்தான் முதல் எண்டு நினைச்சம், என்ன?

சாகேக்கை வாளைச் சேர்ச்சுக்குக் குடுத்தார், குதிரையைத் தமையன்ரை பிள்ளைக்கு. ஒரு குதிமுள் அவரின்ரை காலோடை மண்ணுக்கை போச்சு. மற்றது வீட்டிலை இருக்கவேணும், அது இருக்குமட்டும் குடும்பம் இருக்கும் எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினார். இருந்தது அண்ணை! சனம் மூக்கை உடைக்க வரேக்கை பண்டிக் கூட்டுக்குக் கீழை தாட்டு வைச்சவை. ஜெர்மன்காரன் படையோடை வரேக்கை ஆன்-சோஃபியின்ரை தாய் தேனீப் பெட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்சவவாம். ஒளிக்கப் போய் முகமெல்லாம் கொட்டு வாங்கி, சேர்ச்சுப் படத்திலை வாற கொழுத்த கன்னத் தேவதூதன் மாதிரி ஊதிப்போய் இருந்தவவாம். கோட்டை இப்ப ஒரு அரைச்சுவர். சுத்தவர சீனிக்கிழங்குத் தோட்டம், அதுவும் வேறை ஆக்களின்ரை. இவையின்ரை வீட்டுக் கூரை ஒழுகுது, நானே பாத்தன், மூலையிலை வாளி வைச்சிருக்கு. எல்லாம் போய் மிஞ்சினது அந்த ஒற்றைக் குதிமுள்.

திரும்பி வரேக்கை காருக்குள்ளை சாம்பவி கேட்டாள், என்னப்பா, மறு கண்டியளோ?  உண்மையைச் சொல்லட்டோ அண்ணை? எனக்குப் பொறுக்கேலாத கோவம். எனக்கு ஒரு குறை வேணும். நல்ல குடும்பமெண்டால் பிள்ளை போயிடும். கெட்ட குடும்பமெண்டால் பிள்ளை என்னோடை இருக்கும். அப்பிடி ஒரு தகப்பன் நான். ஆனால் என்ன சொல்லி மறுக்கிறது? கோத்தியே ஒரு பக்கத்தாலையும் பிடி தரேல்லை. சரி, கட்டு எண்டு சொன்னன். சொல்லேக்கை தொண்டை அடைச்சுது. கொறட்டை விடுற நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் உங்களுக்குத் தொண்டை திறந்துதானே கிடக்கு எண்டு மனுசி பகிடி. விளங்காது அவவுக்கு. இல்லை, விளங்கும், அதுதான் பகிடி விட்டவ.

இப்ப பைக்கு வாறன்.

ரெண்டு பகுதியும் இருந்து கலியாணம் கதைச்சம். இஞ்சை எங்கடை வீட்டிலை. நகரசபை மெறியிலை கலியாண எழுத்து எப்ப, மண்டபம் எது, சாப்பாடு என்ன, எல்லாம் சுமுகம். தில்லைநாயகி கையை மடியிலை வைச்சுக் கொண்டு சொன்னா, எல்லாம் எப்பிடியும் செய்யலாம், ஒண்டு மட்டும் மாத்தேலாது. தாலிக்கு உருக்கிற பொன் மாப்பிள்ளை வீட்டுப் பொன்னாய் இருக்கவேணும். பெண் வீட்டுப் பொன் ஒரு குண்டுமணிகூடக் கலக்கப்படாது. சாம்பவி அதை அப்பிடியே பிரெஞ்சிலை மாத்திச் சொன்னாள், பிழையில்லாமல் சொன்னாள். எங்களுக்கு என்ன விளங்கும்? மாப்பிள்ளை பகுதி உங்களிட்டை வந்து ஒரு பவுண் காசு வாங்கும், அதை உருக்கிறது, அவ்வளவுதானே. அப்பிடித்தானே முழு உலகத்திலையும் செய்யினம். அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லேல்லை. சொல்லவேணும் எண்டு ஆருக்குத் தோணும்?

 ரேமண்ட் தமக்கையைப் பாத்தார், தமக்கை தம்பியைப் பாத்தா. சரி எண்டிட்டுப் போனவை.

போன ஞாயிறு ஆன்-சோஃபி அம்மா தனியக் கோச்சியாலை வந்து இறங்குறா. எண்பதுக்குக் கிட்ட வயசு. மடியிலை இந்தப் பை, ரெண்டு கையாலையும் பிடிச்சபடி. வீட்டிலை நானும் மனுசியும்தான். வெள்ளைத் துணியிலை சுத்தினதை எடுத்து எங்கடை சாப்பாட்டு மேசையிலை வைச்சா. எனக்கு விளங்கிற மாதிரி ஆறுதலாய் ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னா, எங்கடை வீட்டிலை இருக்கிற பொன் இதுதான், வேறை இல்லை, உருக்குங்கோ எண்டு.

அதே குதிமுள் அண்ணை. தாலிக்கு.

 இல்லையம்மா, இது வேண்டாம், கடையிலை பவுண் காசு வாங்கினால் போதும் எண்டு எப்பிடியோ உடைஞ்ச பிரெஞ்சிலை சொன்னன். அவ தலையாட்டினா, இல்லையாம். கடையிலை வாங்கினால் அது கடைப் பொன், வீட்டுப் பொன் இல்லை, உங்கடை மனுசி சரியாய்த்தான் கேட்டவ. குடும்பம் இருக்குமட்டும் இது இருக்கவேணும் எண்டு கிழவர் சொன்னவர், உங்கடை பிள்ளையின்ரை கழுத்திலை இருந்தால் அது இருக்கிறதுதானே எண்டு சொல்லுறா. சொல்லேக்கை அவவின்ரை கை அந்த முள்ளைத் தடவிக் கொண்டே இருக்கு. துணியை மட்டும் மடிச்சுத் தன்ரை கைப்பையிலை வைச்சுக் கொண்டு போனா. பாத்துக் கொண்டு நிண்ட எனக்கு ஏலாமல் போச்சு. குசினிக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுதன். வெக்கமில்லை, அழுதன். எங்கடை ஆக்களிலை எவன் தருவான் அண்ணை? எவன்? ஒரு வாளி தரமாட்டான்.

அழுது முடிச்சு வந்து பாத்தால் மனுசி அதைக் கையிலை வைச்சுக் கொண்டு, புளி போட்டு மினுக்கட்டோ எண்டு கேக்குது. குத்துவிளக்கெண்டு நினைச்சிட்டா போலை. பறிச்சு எடுத்து யன்னலடியிலை பிடிச்சுப் பாத்தன்.

சரி. இப்ப திறவுங்கோ. உங்கடை கல்லிலை உரைக்க வேண்டாம், உந்த வளைவடியிலை பாருங்கோ. வாரு பூட்டுற துளையைச் சுத்தி.

ஓம். பச்சை. களிம்பு.

நான் சொல்லுறன், நீங்கள் சொல்லாதேங்கோ. செம்பு. மேலை பொன் பூச்சு. பொன் களிம்பு பிடிக்காது எண்டு எனக்கும் தெரியும். மின்னுறதெல்லாம் எண்டு தொடங்காதேங்கோ, அந்தப் பழமொழியை நான் ஒரு கிழமையாய் எனக்கே சொல்லிக் கொண்டு திரியிறன். எல்லாச் செவாலியேக்கும் இப்பிடித்தான் பூட்டினவையோ, இவரை மட்டும் ராசா ஏமாத்திப்போட்டாரோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் கோத்தியேயின்ரை மனுசிக்கு அது தெரிஞ்சிருக்கு, என்ன? காதிலை கிடந்ததைக் கழட்டி வித்தவ, உண்மையிலை பொன்னெண்டால் இதை விட்டிருப்பாவோ? மானம் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திட்டா. புருசனுக்குச் சொல்லேல்லை, பிள்ளையளுக்குச் சொல்லேல்லை. பெரிய மனுசி.

பாருங்கோ வேடிக்கையை. நான் தேடித் திரிஞ்ச மறு, தானாய் என்ரை சாப்பாட்டு மேசைக்கு வந்து இருக்கு. அறுநூறு வருசமாய்ச் செம்பைப் பொன்னெண்டு சொன்ன குடும்பம். பிள்ளை கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினவள். இப்ப போய் இதைச் சொன்னனெண்டால் கலியாணம் நிண்டிடும், பிள்ளை என்னோடை இருப்பாள். யோசிச்சன், பொய் சொல்லமாட்டன், ஒரு கோப்பித்தண்ணி குடிச்சு முடியிற நேரத்துக்கு யோசிச்சன்.

பேந்து அந்தக் கிழவியின்ரை கை நினைவுக்கு வந்திட்டுது. சொல்லேலாது அண்ணை.

ஆனபடியால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யவேணும். இதை நான் திரும்பக் கொண்டுபோய்க் குடுக்கிறன். அண்டைக்கு ஆன்-சோஃபி அம்மா இதைத் தட்டிலை வைச்சு உங்களிட்டைத் தருவா. நீங்கள் வாங்கிக் கண்ணிலை ஒத்தி, அடுப்புப் பக்கம் திரும்பிக் குறடாலை எங்கையும் கிள்ளுற மாதிரிக் காட்டுங்கோ. ஒரு மஞ்சாடி அளவு எடுத்தாச்சு, தாலிக்கு அது போதும், மிச்சம் மாப்பிள்ளை வீட்டிலையே இருக்கவேணும், பேரப்பிள்ளையள் காலத்துக்கும் உருக்கப்படாது, அதுதான் எங்கடை முறை எண்டு சொல்லுங்கோ. சொல்லேக்கை முகத்தைக் கடுமையாய் வைச்சிருங்கோ, சிரிச்சுக் கிரிச்சுப் போடாதேங்கோ. பொன் உருக்கிற ஓட்டிலை நீங்கள் முதலே போட்டு வைச்சிருக்கிற பொன் உருகட்டும். பெரியவ தன்ரை முள்ளைத் தன்ரை துணியிலை சுத்திக் கொண்டு வீட்டை போகட்டும்.

அப்பிடி ஒரு முறை இல்லையோ? ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து இருக்கும்.

என்ன அண்ணை, நீங்களும் சாமிக்குப் பயப்பிடுறியள். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் செய்து வையெண்டுதானே சொன்னவை. நான் ரெண்டோடை முடிக்கிறன்.

மற்றப் பொய்யோ? அது மனுசிக்கு. எயார்போட்டிலை பெட்டி இறக்கேக்கை கழண்டு விழுந்திட்டுது எண்டு சொல்லப்போறன். ஒரு கிழமை பேசுவா. தன்ரை அப்பா போட்டது, பாத்து வைச்சிருக்கத் தெரியாதோ எண்டு ஒரு மாசமும் பேசுவா. பேசட்டும். பெண் வீட்டுப் பொன் ஒரு குண்டுமணியும் கலக்கப்படாது எண்டவவெல்லோ, தெரிஞ்சால் தாலியைத் திரும்ப உருக்கச் சொல்லிப்போடுவா.

இஞ்சை பிடியுங்கோ கையை. சவுக்காரம் போட்டுப் பாத்தன், எண்ணெய் போட்டுப் பாத்தன், வருதில்லை. அதுதான் இந்த வீக்கம். முப்பத்திரண்டு வருசம் கிடந்த கலியாண மோதிரம், சும்மா வருமே? உங்களிட்டை மோதிரம் வெட்டுற குறடு இருக்கெல்லோ. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். ஓட்டிலை போடப்போறது இதுதான், சுத்தமான பொன், நீங்கள் உரைச்சும் பாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆரும் கேட்டால் கோத்தியே வீட்டுப் பொன் எண்டு சொல்லுங்கோ. வெட்டுங்கோ அண்ணை.